ஹெட்போன் கரகரத்தால்…

ஒன்பதாம் வகுப்பு ‘ஒலி’ பாடத்திற்கு, இரைச்சல் நீக்கும் ஹெட்போன் ஒன்றை எடுத்துச் சென்றேன். மின்விசிறி இரைச்சல் அடங்குவதைக் கேட்டு மாணவர்கள் வியந்தனர். மூக்குக்கண்ணாடி அணிந்த மாணவி மட்டும், “கரகரன்னு கேக்குது சார்” என்றாள். “கவனமாகக் கேள்” என்று கடிந்துகொண்டேன். அவள் சொன்னதே சரி.

இந்த ஹெட்போனில் சிறு மைக்குகள் இரைச்சலைப் பிடிக்கின்றன. இரைச்சலின் நெருக்கத்திற்கு எதிராகத் தளர்ச்சி வருமாறு ஓர் எதிர் அலையை உள்ளிருக்கும் மின்சுற்று உருவாக்க, இரண்டும் சேர்ந்து அடங்குகின்றன. ஜெர்மானியரான பால் லூக் இக்கருத்துக்கு 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். மைக் தவறாகப் பிடித்தால் எதிர் அலையும் தவறிவிடும். அதுவே புதிய இரைச்சல்.

ஆகவே பாடல் ஓடும்போதே இரைச்சல் நீக்கத்தை நிறுத்திப் பாருங்கள். கரகரப்பு மறைந்தால் ஸ்பீக்கர் பெரும்பாலும் பழுதில்லை. மைக் துளைகளில் தூசி இருந்தால் உலர்ந்த மென்தூரிகையால் துடைக்கலாம், குண்டூசி வேண்டாம். மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் நகர்ந்து அமரலாம். மறையாவிட்டால் ஒலியளவைக் குறையுங்கள். புளூடூத் இணைப்பில், கணினி ஹெட்போனின் மைக்கையும் பயன்படுத்தினால் பாடல் தொலைபேசிக் குரல்போல் மங்கும். கணினியின் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

அம்மாணவிக்கு இவை எதுவும் காரணமில்லை. கண்ணாடிக் காம்பு காதுமெத்தையைத் தூக்கி இடைவெளி விட்டிருந்தது. மறுநாள் கண்ணாடியைக் கழற்றிக் கேட்கச் சொன்னேன், கரகரப்பு இல்லை. காரணத்தை வகுப்புக்கு அவளே விளக்கினாள்.