பிணை நிதி: கடன் தள்ளுபடி அன்று

கடன் வேண்டி வங்கிக்குச் செல்லும் உழவரிடம் முதலில் கேட்கப்படுவன பட்டாவும் ஜாமீன்தாரரும் ஆகும். இரண்டும் இல்லாதவர் வெறுங்கையுடன் திரும்ப நேர்கிறது. இக்குறையைப் போக்கவே அரசுகளும் பன்னாட்டு உதவி நிறுவனங்களும் பிணை நிதியைப் பயன்படுத்துகின்றன. கடன் தொகையை அவை தருவதில்லை. கடன் திரும்பாவிட்டால் இழப்பில் ஒரு பங்கை வங்கிக்கு ஈடுசெய்வதாக எழுத்து மூலம் உறுதி தருகின்றன.

கென்யா நாட்டில் 2008ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியமும் ஆப்பிரிக்கப் பசுமைப் புரட்சிக் கூட்டமைப்பும் சேர்ந்து 50 லட்சம் டாலரைப் பிணையாக வைத்தன. அதை நம்பி அந்நாட்டு ஈக்விட்டி வங்கி, சிறு உழவர்களுக்கும் இடுபொருள் விற்பனையாளர்களுக்கும் 5 கோடி டாலர் வரை கடன் வழங்க முன்வந்தது. அதாவது, வைத்த தொகையைப் போல் பத்து மடங்கு. அதே பணத்தை மானியமாகப் பங்கிட்டிருந்தால் ஒரு பருவ விதைக்கும் உரத்திற்கும் செலவாகி முடிந்திருக்கும்.

நம் நாட்டிலும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கென இத்தகைய நிதி உள்ளது. 2020ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், நபார்டின் துணை நிறுவனமான நாப்சன்ரக்ஷன் இதனை நிர்வகிக்கிறது. 1 கோடி ரூபாய் வரையான கடனுக்கு 85 சதம் வரை பிணை உண்டு.

உங்கள் நிறுவனம் பெற்ற கடனில் 40 லட்சம் ரூபாய் வராமற்போனது எனக் கொள்வோம். 34 லட்சத்தைப் பிணை நிதி வங்கிக்குத் தரும். மீதி 6 லட்சம் வங்கியின் நட்டம். முழுவதையும் ஏன் ஏற்பதில்லை? தன் பணமும் சிறிது போகும் என்ற அச்சம் இருந்தால்தான் வங்கி திட்டத்தை நன்கு ஆராய்ந்து கடன் தரும்.

"அரசே ஜாமீன் நிற்கும்போது நாம் ஏன் கட்ட வேண்டும்?" என்று சில உறுப்பினர்கள் கேட்பதுண்டு. இது தவறான எண்ணம். பிணை, கடன் கொடுத்தவருக்கே பாதுகாப்பு. வங்கி ஈட்டுத்தொகை பெற்ற பின்னரும் உங்கள் கடன் அப்படியே நிற்கும். வசூல் நடவடிக்கை தொடரும். அடுத்த கடனுக்கும் வழி அடைபடும்.

பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கும் திட்டங்களுக்கும் இப்போது பிணை நிதி பரவி வருகிறது. உலக வங்கிக் குழுமம் தன் பிணைத் திட்டங்களை 2024ஆம் ஆண்டில் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூறு பேரில் ஐந்து பேர் தவணை தவறினால் பிணை நிதி தாங்கும். மழை பொய்த்தால் வட்டாரம் முழுவதுமே ஒருசேரத் தவறுமே! பத்தில் ஒரு பங்கு வைத்துள்ள நிதி அதைத் தாங்காது. பிணை இருக்கிறதென்று பயிர்க் காப்பீட்டை விட்டுவிடுவது, என் கருத்தில், பெரும் பிழை.

கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன், ஆண்டுதோறும் பிணைக் கட்டணம் எவ்வளவு, அதை வங்கி ஏற்கிறதா அல்லது உங்கள் கணக்கில் பற்று எழுதுகிறதா என மேலாளரிடம் கேட்டறியுங்கள். பயிர்க் காப்பீட்டுப் பிரீமியம் இதில் சேராது. அதைத் தனியே செலுத்த வேண்டும்.