நினைப்பு எங்கே இருக்கு?

இந்த மாதப் பாடத்தை ஒரு போன் அழைப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் ஜொகூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். வீடு ஈப்போவில். தினமும் ராத்திரி 9 மணிக்கு அப்பா கூப்பிடுவார். சாப்டியா, படிப்பு எப்படிப் போகுது, மோட்டாருக்கு எண்ணெய் மாத்தினியா. எப்பவும் இதே கேள்விகள்தான். நானும் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே "ம்ம், சரிப்பா" என்று சொல்லிவிடுவேன். போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவும் அப்படித்தான் பேசினோம். வியாழக்கிழமை அம்மா ஆஸ்பத்திரி வார்டிலிருந்து கூப்பிட்டார். அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள் என்றார். "ஏம்மா எனக்கு யாரும் சொல்லலை?" என்று கத்தினேன். அம்மா அமைதியாகச் சொன்னார்: "அப்பா செவ்வாய்க்கிழமையே உன்கிட்ட சொன்னாராமே. நீ சரின்னு சொன்னியாம்."

அப்பா இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் அந்த 'சரிப்பா' இன்னும் எனக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது. காது இருந்தது, வாயும் பதில் சொன்னது. நான் எங்கே இருந்தேன்?

சின்ன வயசில் அம்மா அடிக்கடி கேட்பார், "பராக்கு பார்க்காதே, நினைப்பு எங்கே இருக்கு?" என்று. இன்றைக்கு மைண்ட்ஃபுல்னஸ் என்று பேசுகிறார்களே, அது கேட்பதும் இந்தக் கேள்வியைத்தான். பௌத்த நூல்களில் வரும் 'சதி' என்ற பாலிச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் அது. சதியும் சமஸ்கிருத ஸ்மிருதியும் ஒன்றுதான், பொருள் நினைவு. 1979-இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-சின் என்பவர் இதை மருத்துவமனை நோயாளிகளுக்கு ஒரு பயிற்சியாக அமைத்துக் கொடுத்தார். அதன் பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. 'எல்லாமே நம்மளோடதுதான்' என்று சொல்லிக் கைதட்டு வாங்க நான் இதை எழுதவில்லை. ஆனால் நம்ம வீட்டிலும் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது, அதை நாம் படிப்பதில்லை.

முதலில் ஒரு ஆய்வு. 2010-இல் ஹார்வர்ட் உளவியலாளர்கள் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் போன் செயலி வழியாக எதிர்பாராத நேரங்களில் கேட்டார்கள்: இப்போ என்ன செய்றீங்க, மனசு அதில் இருக்கா, சந்தோஷமா இருக்கீங்களா? 46.9 விழுக்காட்டுப் பதில்களில் மனசு வேறு எங்கேயோ இருந்தது. இனிமையான விஷயத்தை நினைத்துக்கொண்டு இருந்தவர்கள்கூட, செய்யும் வேலையிலேயே மனசு இருந்தவர்களைவிட அதிக சந்தோஷமாக இல்லை. சும்மா பகல் கனவுதானே என்று நான் நினைத்திருந்தேன்.

இப்போது கீதைக்கு வருவோம். ஆறாவது அத்தியாயத்தில் அர்ஜுனன் நம்ம எல்லோருக்காகவும் புலம்புகிறான். மனசை அடக்குவது காற்றைப் பிடிப்பது போல இருக்கிறதே என்கிறான். கண்ணன் 'அப்படியெல்லாம் இல்லை' என்று மறுக்கவில்லை. கஷ்டம்தான், ஆனால் பயிற்சியாலும் பற்றின்மையாலும் முடியும் என்கிறார். அது என்ன பயிற்சி என்பதை அதே அத்தியாயத்தில் கொஞ்சம் முன்னாடி, 26-ஆவது சுலோகத்திலேயே சொல்லிவிட்டார். மனசு எங்கெங்கே ஓடுகிறதோ, அங்கங்கே இருந்து அதைத் திருப்பிக் கொண்டுவா. ஓடாத மனசை அவர் கேட்கவே இல்லை, கவனிச்சீங்களா?

நான் படிக்கும் கட்டுப்பாட்டுப் பொறியியலில் இதே கதை வரும். அறையில் ஏசியை 24 டிகிரியில் வைக்கிறோம். வெயில் அடிக்கும், யாராவது கதவைத் திறப்பார்கள், சூடு ஏறும். சென்சார் அதை அளந்து சொல்லும், ஏசி மறுபடி குளிர வைக்கும். நாள் முழுக்க இப்படியே நடக்கும். சூடு ஏறியதால் ஏசி கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் சென்சார் கெட்டால் எவ்வளவு பெரிய கம்ப்ரஸர் இருந்தாலும் பயன் இல்லை. 'ஐயோ, மனசு எங்கேயோ போயிடுச்சே' என்று உங்களுக்குத் தெரிகிற அந்த நொடிதான் சென்சார் வேலை செய்கிற நொடி. நம்ம பிள்ளைகள் அந்த இடத்தில்தான் "எனக்குத் தியானம் வராது" என்று எழுந்து போய்விடுகிறார்கள். பத்து நிமிஷத்தில் இருபது தடவை மனசு ஓடி, இருபது தடவை திருப்பிக்கொண்டு வந்தீர்கள் என்றால், ஜிம்மில் இருபது தடவை எடை தூக்கிய கணக்கு.

ஜபமாலையும் இப்படி ஒரு சென்சார்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு நாமத்துக்கு ஒரு மணி, மொத்தம் 108. மேரு மணி வந்ததும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்ப வேண்டும். மனசு போய்விட்டால் விரல் நின்றுவிடும், இல்லையென்றால் மேருவைத் தெரியாமல் தாண்டிவிடும். உடனே மாட்டிக்கொள்வோம். நான் மூன்று முறை தொடர்ந்து தாண்டியிருக்கிறேன், அது வேற கதை.

மாலை எடுத்து உட்கார நேரம் இல்லையா? மோட்டாரில் போகிறவர்கள் சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஒரு மூச்சை முழுசாகக் கவனியுங்கள், பச்சை வந்ததும் கவனம் சாலையில். மாமாக் கடையில் போனைத் தண்ணி கிளாஸில் சாய்த்து வைக்காமல் ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டுப் பாருங்கள். கோவிலில் பிரகாரம் சுற்றும்போது பாதத்துக்கு அடியில் கல் சூடா, குளிர்ச்சியா என்று பாருங்கள். இதெல்லாம் சின்ன விஷயம்தான். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: மனச்சோர்வு ரொம்ப நாளாக இருந்தால் மூச்சைக் கவனித்துக்கொண்டு தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், மருத்துவரையோ ஆலோசகரையோ போய்ப் பாருங்கள்.

என்னுடைய பயிற்சி இரவு 9 மணிக்கு. அப்பா கூப்பிட்டதும் லேப்டாப்பை மூடிவிட்டு அறைக்கு வெளியே வராந்தாவுக்குப் போய்விடுவேன். நின்றுகொண்டுதான் பேசுவேன். அப்பவும் மனசு அசைன்மென்டுக்கு ஓடும். ஓடினது தெரிந்தால் அப்பா குரலுக்குத் திரும்பி வருவேன். அவர் பாதியில் சொன்னது தவறிவிட்டால், வெட்கப்படாமல் "என்னப்பா சொன்னீங்க, திரும்பச் சொல்லுங்க" என்று கேட்டுவிடுவேன். முதலில் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

போன வாரம் வழக்கம்போல மோட்டார் எண்ணெய் பற்றி விசாரித்துக்கொண்டு இருந்தார். பேச்சுக்கு நடுவில் மூச்சு கொஞ்சம் இடறியது.

"படி ஏறிக்கிட்டே பேசுறீங்களாப்பா?"

ஒரு நிமிஷம் சத்தம் இல்லை. "உனக்கு எப்படிடா தெரியும்?" என்றார்.

"உட்கார்ந்துட்டுப் பேசுங்க. நான் லைன்லயே இருக்கேன்."