பாடம் 4: திகதியும் வெயிலும்

புத்தளம், கற்பிட்டிப் பக்கமிருந்து முசலி, மன்னார், யாழ்ப்பாணம் என்று ஊர் திரும்பும் குடும்பங்கள் பல படிவங்களை நிரப்ப வேண்டியுள்ளது. சில படிவங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கும். ஒரு பிள்ளையின் பிறந்த திகதி ஒரு படிவத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் இருந்தால், பிறகு அதைத் திருத்த நீங்கள்தான் அலைய வேண்டிவரும். ஆகவே இந்தப் பாடத்தை வீட்டில் எல்லோரும் சத்தமாக வாசியுங்கள்.

படிவத்தில் வரும் சொற்கள்

- டேட் – திகதி. கையொப்பத்துக்குப் பக்கத்தில் இச்சொல் தனியாக இருந்தால் அன்றைய திகதியை எழுதுங்கள்.
- டேட் ஒஃப் பேர்த் – பிறந்த திகதி.
- டேட் ஒஃப் இஷ்யூ – ஆவணம் வழங்கப்பட்ட திகதி.
- டேட் ஒஃப் டிஸ்ப்ளேஸ்மென்ட் – இடம்பெயர்ந்த திகதி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஊரை விட்டு வெளியேறிய நாளை எழுத வேண்டும். புத்தளத்துக்கு வந்து சேர்ந்த நாளை அல்ல.

மாதப் பெயர்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: ஜனவரி, பெப்ரவரி, மார்ச். தை, மாசி என்று சொல்லிப் பழகியவர்கள் படிவத்தில் 01, 02 என்று எண்ணால் எழுதலாம்.

இலங்கையில் பல படிவங்களில் நாள் முதலில், மாதம் அடுத்து, ஆண்டு கடைசியில் வரும். 04/03/1985 என்றால் மார்ச் 4. அமெரிக்க முறையில் மாதம் முதலில் வருவதால் அதுவே ஏப்ரல் 3 ஆகிவிடும். எழுதுமுன் கட்டங்களின் கீழே பாருங்கள்: 'டீ டீ' என்றால் நாள், 'எம் எம்' என்றால் மாதம், நான்கு 'வை' என்றால் ஆண்டு.

அடையாள அட்டையைக் கொண்டு சரிபார்க்க

பழைய அட்டை இலக்கத்தின் முதல் 2 இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த 3 இலக்கங்கள் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 74520 என்று தொடங்கினால், 1974 ஜனவரி 20 இல் பிறந்த பெண். 2016 முதல் வரும் 12 இலக்க அட்டையில் ஆண்டு முழுமையாக, 1974 என்றே இருக்கும்.

பிறந்த நாள் தெரியாத முதியவர்களுக்கு நீங்களாக ஒரு நாளை எழுத வேண்டாம். அதிகாரியிடம் சொல்லுங்கள்: "ஐ டோன்ட் நோ த டேட்" – எனக்குத் திகதி தெரியாது.

வெயில் காலச் சொற்கள்

- ஹொட் – சூடு. "இட் இஸ் வெரி ஹொட் டுடே" – இன்று கடும் வெயில்.
- தேர்ஸ்டி – தாகமாக.
- டிசி – தலைச்சுற்றலாக.
- ஃபீவர் – காய்ச்சல்.
- போய்ல்ட் வோட்டர் – கொதித்த நீர்.
- எக்ஸ்பைரி டேட் – காலாவதித் திகதி. மருந்திலும் பால்மாவிலும் 'ஈ-எக்ஸ்-பி' என்று சுருக்கமாக இருக்கும். மருந்தில் மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால், அந்த மாதக் கடைசி நாள் வரை பாவிக்கலாம்.

தற்காலிகக் கொட்டிலின் தகரக் கூரைக்குக் கீழே மருந்தை வைக்க வேண்டாம். 'கீப் இன் எ கூல் ட்ரை பிளேஸ்' என்றால் குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும் என்று பொருள். ஜீவனியைக் கொதித்தாறிய நீரில், பக்கெட்டில் குறித்த அளவுக்குக் கரையுங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பின் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள்.

மருத்துவரிடம் பேசுதல்

தாய்: மை சைல்ட் ஹேஸ் ஃபீவர். – பிள்ளைக்குக் காய்ச்சல்.
மருத்துவர்: சின்ஸ் வென்? – எப்போதிருந்து?
தாய்: சின்ஸ் ஃப்ரைடே. – வெள்ளிக்கிழமையிலிருந்து.
மருத்துவர்: இஸ் ஹீ ட்ரிங்கிங்? – தண்ணீர் குடிக்கிறானா?
தாய்: வெரி லிட்டில். – மிகக் கொஞ்சம்.

பிள்ளை குடிக்க மறுத்தால், சிறுநீர் போகாவிட்டால், கண் குழிந்து சோர்ந்து கிடந்தால், விடியும்வரை பார்த்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பயிற்சி

1. உங்கள் பிறந்த திகதியை எண்களில் எழுதி, அடையாள அட்டையுடன் ஒப்பிடுங்கள்.
2. மருந்துப் போத்தலில் 'ஈ-எக்ஸ்-பி 06/2027' என்றுள்ளது. எந்த நாள் வரை பாவிக்கலாம்?
3. பழைய அட்டை இலக்கம் 68032 என்று தொடங்குகிறது. அவர் ஆணா, பெண்ணா? பிறந்த நாள் எது?

விடைகள்: 2. 2027 யூன் 30 வரை. 3. ஆண், 1968 பெப்ரவரி 1.