கணினியில் வானொலி

பிள்ளைகளின் படிப்பிற்கென வாங்கிய கணினி இன்று தோட்டப்புற வீடுகள் பலவற்றில் இடம் பெற்றுள்ளது. பாடம் முடிந்தபின் அதே கணினியில் வானொலியும் கேட்கலாம். அதற்கு வேண்டிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும், இலவசம் என்று கண்டதையெல்லாம் கணினியில் ஏற்றுவது அறிவுடைமை ஆகாது. எது இலவசம், எதற்குப் பணம் செல்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

வானொலிப் பெட்டியினுள் அலைகளை வாங்கும் கருவியொன்று உண்டு. சாதாரணக் கணினியில் அக்கருவி இல்லை. கத்தி எவ்வளவு கூராக இருப்பினும் மரமின்றிப் பால் வடியாதன்றோ? அவ்வாறே, எத்துணைச் சிறந்த மென்பொருளாயினும் வெறுங் கணினியைக் கொண்டு காற்றில் வரும் பண்பலையைப் பிடித்தல் இயலாது. 'எப்.எம். வானொலி' என்று பெயர் சூட்டிக்கொண்டு வரும் மென்பொருள்களுள் பெரும்பாலானவை இணையத்தின் வழியே ஒலியைப் பெறுகின்றன. 1949-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் தொடங்கப்பெற்ற ரெடிபியூஷன் கம்பி வழியாக வீடுகளுக்கு வந்ததை மூத்தோர் அறிவர். இதனையும் அதுபோன்றதெனக் கொள்ளலாம்.

நம் நாட்டின் மின்னல் பண்பலையும் சிங்கப்பூரின் ஒலி 96.8-உம் இணையத்திலும் ஒலிக்கின்றன. இவற்றைக் கேட்கத் தனி மென்பொருளே தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. கணினியிலுள்ள உலாவியில் நிலையத்தின் பக்கத்தைத் திறந்தாலே போதும். நிலையத்தின் ஒலியோடை முகவரி கையிலிருந்தால் வி.எல்.சி. என்னும் மென்பொருளைப் பயன்படுத்தலாம். 1996-இல் பிரான்சு நாட்டுக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய முயற்சியின் பயன் இது. 2001 முதல் எவரும் எடுத்தாளவும் திருத்தவும் உரிமையளிக்கப்பட்டுள்ளது. கண்ட்ரோல் விசையை அழுத்தியவாறே 'என்' விசையைத் தட்டினால் முகவரி இடுவதற்கான கட்டம் திறக்கும். மென்பொருளை அதனை ஆக்கியோரின் வீடியோலேன் தளத்திலிருந்தே எடுத்தல் வேண்டும். வேறிடங்களில் கிடைப்பவற்றுள் விளம்பரமும் வேவுநிரலும் ஒளிந்து வருவதுண்டு. இலவசமென்று சொல்லிவிட்டு வங்கி அட்டையின் எண்ணைக் கேட்டால் உடனே மூடிவிடுக.

இனிச் செலவைக் காண்போம். வினாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் வரும் ஒலியோடை, ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 58 மெகாபைட் தரவை விழுங்கும். நாள்தோறும் மூன்று மணி நேரம் கேட்டால் 30 நாளில் 5 கிகாபைட்டிற்குச் சற்று மேலாகும். 64 கிலோபிட் ஓடையாயின் அதில் பாதிதான். பேச்சைக் கேட்க அது தாராளமாகப் போதும். கைப்பேசிக்கு முன்பணம் கட்டி, அதன் தரவைக் கணினிக்கும் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்தில், பிள்ளையின் பாடத்திற்கென வைத்த தரவை வானொலி தின்றுவிடக் கூடும். பாட்டை ஓடவிட்டு அடுப்படிக்குச் சென்றுவிடும் வழக்கம் வானொலிப் பெட்டிக்குப் பொருந்தும்; இதற்குப் பொருந்தாது.

தரவே செலவாகாத வழியும் ஒன்று உண்டு. கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகும் ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். என்னும் விரலளவு வாங்கியே அது. தொலைக்காட்சி பார்ப்பதற்கென ஆக்கப்பட்ட இத்தகைய செருகியைக் கொண்டு வானொலி அலைகளையும் வாங்கலாம் என்பது 2012-இல் ஆர்வலர்களால் பரவலாக அறியப்பட்டது. வாங்கிக்குப் பணம் கொடுத்தாக வேண்டும்; அதனை இயக்கும் எஸ்.டி.ஆர். பிளஸ் பிளஸ், ஜி.கியூ.ஆர்.எக்ஸ். ஆகிய மென்பொருள்கள் இலவசம். விண்டோஸ் கணினியாயின், ஸாடிக் என்னும் சிறு மென்பொருளால் உரிய இயக்கியை ஒருமுறை நிறுவ வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுவர். பின்னர் 'டபிள்யூ.எப்.எம்.' என்னும் முறையைத் தேர்ந்து, 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை நகர்த்திச் சென்றால், நிலையம் இருக்குமிடமெல்லாம் திரையில் மேடாக எழுந்து நிற்கும். காதால் தேடியதைக் கண்ணால் தேடுவது சிறுவர்களுக்குப் பெருங்களிப்பைத் தரும்.

பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வது. குன்று மறைத்தால் தேயும். பள்ளத்திலுள்ள லயங்களில் ஏரியலைச் சன்னலருகில் உயரமாக வைத்தல் நலம். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். ஆகவே இரு கம்பியுள்ள ஏரியலில் ஒவ்வொன்றையும் அதன் காற்பங்காகிய 75 செண்டிமீட்டர் அளவிற்கு நீட்டினால் ஒலி தெளியும்.

கூரைக்கு மேலே ஏரியல் கட்டுவோர் மின்னலை மறத்தலாகாது. பிற்பகலில் வானம் கறுக்கும்போதே செருகியைக் கணினியினின்று கழற்றிவிடுக. இடி கேட்கத் தொடங்கிய பின்னர் கம்பியைத் தொடவே கூடாது. வெள்ளக் காலத்தில் மின்சாரம் நின்றால் கணினியும் நெடுநேரம் தாங்காது. பழைய பேட்டரி வானொலி வீட்டிலிருந்தால் அதனைத் தூக்கி எறிந்துவிடாதீர்.