ஆங்கிலம் அறிவோம்: ‘ஆயிட்டான், ஆயிட்டா, ஆயிடுச்சு’



நம்ம ஊர்ப் பக்கம் அடிக்கடி காதில் விழும் சொல் ‘ஆயிட்டான்’. “பக்கத்து வீட்டு அண்ணன் ஆபரேட்டர் ஆயிட்டாரு”, “அக்கா லைன் லீடர் ஆயிட்டா”, “வயல் எல்லாம் கம்பெனி ஆயிடுச்சு” என்று தினமும் பேசுகிறோம். தமிழில் ‘ஆகு’ என்ற ஒரே வினை இத்தனைக்கும் போதும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பார்த்துத்தான் வினையைப் போட வேண்டும். இன்டர்வியூவில் பலரும் தடுமாறும் இடம் இது. (வாசிக்க வசதியாக உச்சரிப்பைத் தமிழில் எழுதியுள்ளோம். நீங்கள் நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள்.)

1. பிகம்

பெயர்ச்சொல்லுக்கு முதல் நண்பன் இவன்தான். மூன்று காலமும் மனப்பாடம் ஆகட்டும்: பிகம், பிகேம், பிகம்.

“ஹி பிகேம் எ வெல்டர்.” “ஷி பிகேம் ஆன் எலக்ட்ரீஷியன்.”

ஒருவரின் தொழிலைச் சொல்லும்போது ‘எ’ அல்லது ‘ஆன்’ கட்டாயம். உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு ‘ஆன்’. பலர் என்றால் இரண்டும் வேண்டாம்: “மை சிஸ்டர்ஸ் பிகேம் நர்சஸ்.”

ஒரே ஒருவர் மட்டும் வகிக்கும் பதவிக்கு ‘எ’ வராது. “அப்துல் கலாம் பிகேம் பிரசிடென்ட் ஆஃப் இந்தியா இன் 2002.” ஊர்ப் பெயருக்கும் வராது. “மெட்ராஸ் பிகேம் சென்னை இன் 1996.” ஆனால் மாவட்டங்கள் பல இருப்பதால், “செங்கல்பட்டு பிகேம் எ செபரேட் டிஸ்ட்ரிக்ட் இன் 2019” என்று ‘எ’ போட வேண்டும்.

2. டர்ன்

‘டர்ன்’ பின்னால் தொழில் பெயர் நேராக வந்தால் ‘எ’ விழுந்துவிடும். “த ஃபார்மர் டர்ன்ட் டிரைவர்.” ஒரு வேலையை விட்டு, எதிர்பாராத இன்னொன்றுக்கு மாறியவரைச் சொல்லும் வழக்கம் இது. ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டர் ஆனவருக்கு ‘பிகேம் எ ஃபிட்டர்’ என்பதே சரி.

வயதுக்கும் ‘டர்ன்’ வரும். “ஷி டர்ன்ட் எய்ட்டீன்” என்றால் அவளுக்குப் பதினெட்டு ஆயிடுச்சு.

ஒரு சுவையான செய்தி: லேத்தில் கடைசல் வேலை செய்பவரை ‘டர்னர்’ என்கிறோம் அல்லவா? ‘டர்ன்’ என்ற சொல்லே லத்தீனில் கடைசல் பிடிப்பதைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான்!

3. டர்ன் இன்டு, சேஞ்ச் இன்டு

ஒரு பொருளோ இடமோ உருமாறினால் ‘இன்டு’ சேர்க்கலாம். “த மில்க் டர்ன்ட் இன்டு கர்ட்.” “த வில்லேஜ் சேஞ்ச்ட் இன்டு எ டவுன்.”

இங்கேதான் தமிழ் நம்மை இழுத்துவிடும். ‘ஊர் நகரமாக மாறியது’ என்பதில் உள்ள ‘ஆக’வை அப்படியே ‘அஸ்’ ஆக்கி, “சேஞ்ச்ட் அஸ் எ டவுன்” என்று எழுதுகிறோம். அது தவறு, ‘இன்டு’தான் சரி. அதேபோல் ‘பிகேம் இன்டு’ என்றும் எழுதக் கூடாது. ‘பிகேம்’ துணைக்கு ஆள் கேட்காது!

நம்ம ஊர் வரலாற்றையே பயிற்சியாக எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் மூடப்பட்டது. பிறகு அதே வளாகத்தை சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொண்டது. இதை ஒரே வரியில் சொல்லலாம்: “த ஃபோன் ஃபேக்டரி பிகேம் எ சார்ஜர் ஃபேக்டரி.” வரி சின்னதுதான். ஆனால் அந்த ‘பிகேம்’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை குடும்பங்களின் கதை இருக்கிறது என்பது நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

4. கெட், கோ, குரோ

இவை மூன்றும் பெயரடையோடு நன்றாகப் போகும்: ‘கெட் டயர்ட்’, ‘கோ பேட்’, ‘குரோ டால்’. பெயர்ச்சொல்லோடு சேர்த்தால் அர்த்தமே மாறும்.

“ஐ காட் எ டிரைவர்” என்றால் ‘நான் டிரைவர் ஆனேன்’ அல்ல, ‘எனக்கு ஒரு டிரைவர் கிடைத்தார்’! “ஐ வான்ட் டு கெட் எ நர்ஸ்” என்று இன்டர்வியூவில் சொன்னால், உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

5. தன்வினையும் பிறவினையும்

தமிழ் இலக்கணத்தில் படித்தது இங்கே உதவும். ‘ஆனாள்’ தன்வினை, ‘ஆக்கினார்கள்’ பிறவினை. ‘பிகம்’ தன்வினை மட்டும்தான். பிறவினைக்கு ‘மேக்’ வேண்டும்.

“ஷி பிகேம் எ லைன் லீடர்.” (அவள் லைன் லீடர் ஆனாள்.)
“தே மேட் ஹெர் எ லைன் லீடர்.” (அவளை லைன் லீடர் ஆக்கினார்கள்.)

‘டர்ன் இன்டு’ மட்டும் இரண்டு பக்கமும் வேலை செய்யும். “த ஃபீல்ட்ஸ் டர்ன்ட் இன்டு ஃபேக்டரீஸ்” என்றால் வயல்கள் தானாக மாறியது போல இருக்கும். “தே டர்ன்ட் த ஃபீல்ட்ஸ் இன்டு ஃபேக்டரீஸ்” என்றால்தான் மாற்றிய கை தெரியும்.

6. கையெழுத்துப் போடும் முன் கவனிக்க!

பிளஸ் டூ, ஐ.டி.ஐ. முடித்து ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் பக்கம் டிரெய்னியாகவோ அப்ரண்டிஸாகவோ சேரும் அண்ணன் அக்காக்களுக்கு இந்தப் பாடம் மார்க்குக்கு மட்டும் அல்ல. கையில் கொடுக்கும் தாளில் இப்படி ஒரு வரி இருக்கலாம்: “த டிரெய்னி மே பிகம் எ பெர்மனென்ட் எம்ப்ளாயி.” இதில் ‘மே’ என்றால் ‘ஆகலாம்’. ஆகாமலும் போகலாம். ‘வில்’ என்று இருந்தால்தான் ‘ஆவார்’. ஒரு சின்னச் சொல், ஆனால் இரண்டு வேறு எதிர்காலம்.

பயிற்சி முடித்த எல்லா அப்ரண்டிஸுக்கும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பயிற்சிக்குப் பிறகு அதே முதலாளியிடம் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை இருந்தால், தகுந்த வேலை தரும் பொறுப்பு அந்த முதலாளிக்கும் வருகிறது. ஆகவே, வாயால் சொன்னதைவிடத் தாளில் எழுதியது முக்கியம். வீட்டில் யாராவது அப்படி ஒரு தாளைக் கொண்டுவந்தால், நாம் உட்கார்ந்து ‘பிகம்’ முன்னால் என்ன சொல் நிற்கிறது என்று தேடிப் பார்த்துச் சொல்லுவோம். படித்த படிப்புக்கு அதுதான் பயன்.

பயிற்சி: கோடிட்ட இடம் நிரப்புக

அ) மை பிரதர் ______ எ மெக்கானிக். (காட் / பிகேம்)
ஆ) த லேண்ட் சேஞ்ச்ட் ______ எ ரோடு. (அஸ் / இன்டு)
இ) தே ______ ஹிம் எ சூப்பர்வைசர். (மேட் / பிகேம்)
ஈ) ஷி பிகேம் ______ ஆபரேட்டர். (எ / ஆன்)

விடைகளை எழுதிய பிறகே கீழே பாருங்கள். எட்டிப் பார்த்தால் ‘டர்ன்ட் காப்பியிஸ்ட்’ என்று பெயர் வைத்துவிடுவோம்!

விடை: அ) பிகேம் ஆ) இன்டு இ) மேட் ஈ) ஆன்

நாலும் சரியா? வாழ்த்துகள்! ஒன்று தவறினால் அந்தப் பகுதியை இன்னொரு முறை நின்று படித்துவிட்டுப் போங்கள்.

— பதினோராம் வகுப்பு, ‘அ’ பிரிவு