கருவுறும் முன்பே மாற்ற வேண்டிய மாத்திரை

கேள்வி: என் மகளுக்கு வயது 24. பள்ளியில் படிக்கும்போதே, காலையில் எழுந்ததும் கை வெட்டி வெட்டி இழுக்கும். காபி டம்ளரைக் கீழே போட்டுவிடுவாள். 14 வயதில் பெரிய வலிப்பு வந்தது. சோடியம் வால்ப்ரோயேட் 500 மி.கி. மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று சாப்பிடுகிறாள். நான்கு வருடமாக வலிப்பே இல்லை. இப்போது கல்யாணமாகி ஆறு மாதம். அந்த மாத்திரை வயிற்றுப் பிள்ளையின் மூளையைக் கெடுக்கும் என்று உறவுக்காரப் பெண் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கொஞ்ச நாள் நிறுத்திவைக்கலாமா டாக்டர்? மாப்பிள்ளைக்கு இந்த நோய் பற்றி இன்னும் சொல்லவில்லை.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, இன்று இரவு மாத்திரையை மகள் வழக்கம்போல் சாப்பிடட்டும். நாளையும் சாப்பிடட்டும். மருத்துவரைப் பார்க்காமல் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.

உறவுக்காரப் பெண் சொன்னது உண்மைதான். பொதுவாகப் பிறக்கும் 100 குழந்தைகளில் இரண்டு, மூன்று பேருக்குப் பெரிய உடற்குறை இருக்கும். தாய் வால்ப்ரோயேட் சாப்பிட்டால் அது சுமார் 10. அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். முதுகுத்தண்டு மூடாமல் பிறப்பது, இதயத்தில் ஓட்டை, பிளவுபட்ட அண்ணம் ஆகியவை இதில் அடங்கும்.

இவற்றில் பலவற்றை ஐந்தாம் மாத ஸ்கேனில் பார்த்துவிடலாம். என்னை அதிகம் வருத்துவது ஸ்கேனில் தெரியாத பாதிப்பு. குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும். உடம்பு சற்றுத் தொளதொளவென்று இருப்பதால் தாமதமாக உட்காரும். இரண்டு வயதிலும் பேச்சு வராது. பள்ளிக்குப் போன பிறகுதான் படிப்பில் பின்தங்குவது தெரியும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வலிப்பு மாத்திரை சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளை ஆறு வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். மற்ற வலிப்பு மாத்திரைகள் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சராசரி நுண்ணறிவு ஈவு 105 முதல் 108 வரை இருந்தது. வால்ப்ரோயேட் குழந்தைகளுக்கு 97. டென்மார்க்கில் 2013-இல் வெளியான ஆய்வில், இந்த மருந்துக்கு ஆட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 4 பேருக்கு மேல் ஆட்டிசம் சார்ந்த குறைபாடு இருந்தது. பொதுவாக அந்த எண்ணிக்கை 1.5 தான்.

பிறகு ஏன் நிறுத்தக் கூடாது என்கிறேன்? காலையில் கை வெட்டி இழுப்பது, டம்ளர் நழுவுவது, பதின்ம வயதில் பெரிய வலிப்பு என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது 'ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்ஸி' என்ற வகையாக இருக்கலாம். மாத்திரை சாப்பிடும்வரை அடங்கியிருக்கும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். திடீரென நிறுத்தும்போது வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கர்ப்பிணிக்கு அப்படி நேர்ந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து.

மருந்துக் கடையில் கேட்டு வேறு மாத்திரைக்கு மாறுவதும் கூடாது. கார்பமாசெபின், பெனிட்டாயின் போன்றவை இந்த வகை வலிப்பில் கை வெட்டி இழுப்பதை அதிகமாக்கிவிடலாம். இவளுக்கு லெவெடிராசெட்டம் பொருத்தமாக இருக்கலாம்; சிலருக்கு அது எரிச்சலும் கோபமும் தரும். லாமோட்ரிஜின் இன்னொரு வழி. ஆனால் வால்ப்ரோயேட்டுடன் சேரும்போது அதன் அளவை மிக மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் தோலில் கடுமையான ஒவ்வாமை வரலாம். இவ்விரண்டிலும் உடற்குறை ஆபத்து மற்ற கர்ப்பிணிகளுக்கு உள்ள அளவை ஒட்டியே இருக்கிறது. எது சரி என்பதை நரம்பியல் மருத்துவர் பார்த்துச் சொல்வார். புது மாத்திரையைச் சிறிது சிறிதாக ஏற்றி, பழையதைச் சிறிது சிறிதாகக் குறைத்து, வலிப்பு கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கச் சில மாதங்கள் ஆகும். அதுவரை ஆணுறை பயன்படுத்தட்டும். ஃபோலிக் அமிலம் 5 மி.கி. தினமும் வேண்டுமா என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

இத்தனையும் கருவுறும் முன்பே முடிந்திருக்க வேண்டும். கரு உண்டாகி 28 நாளில் முதுகுத்தண்டு மூடிவிடும். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பெண் உணர்வதற்குள் பாதி நாள் ஓடிவிடும். ஒருவேளை மகள் இப்போதே உண்டாகியிருந்தால் பதறி மாத்திரையை விட வேண்டாம். அதே வாரத்தில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மூளை ஒன்பது மாதமும் வளர்கிறது. ஆகவே அப்போதும் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

இதை இங்கே படிக்கும், ஏற்கெனவே இந்த மாத்திரையோடு பிள்ளை பெற்ற தாய்மாருக்கு: அது உங்கள் தப்பு இல்லை. குழந்தை தாமதமாகப் பேசினால் "அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் பேச்சுப் பயிற்சியும் இயன்முறை சிகிச்சையும் இலவசம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன்.

இனி மாப்பிள்ளை விஷயம். வலிப்பு நோயைக் காரணம் காட்டி இந்துத் திருமணத்தைச் செல்லாததாக்க முன்பு சட்டத்தில் இடமிருந்தது. 1999-இல் அதை நீக்கிவிட்டார்கள். இருந்தாலும் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒளித்துச் சாப்பிடும் மாத்திரை என்றாவது ஒருநாள் தவறும். ராத்திரி வலிப்பு வந்தால் பக்கத்தில் இருக்கப்போவது அவர்தான். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மகளும் நீங்களுமாக உட்கார்ந்து அவரிடம் பேசுங்கள். நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரும் உடன் வரட்டும்.