கணினிக்கு எழுதி வைக்கும் குறிப்பு

(பத்தாம் வகுப்பு மாணவி, ஏரியூர்)



எங்கள் ஊர் அரவை மில்லில் அம்மா கேழ்வரகுக் கூடையை வைத்தால், மில்காரர் ஒன்றும் கேட்பதில்லை. எங்கள் வீட்டுக் களிக்கு மாவு நைசாக இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஒருமுறை சொன்னதை மனத்தில் வைத்திருக்கிறார். கணினிக்கு அப்படி மனம் கிடையாது. ஆகவே நம் விருப்பத்தை ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். அதுவே அமைவுக் கோப்பு.

தமிழக அரசு 2011ஆம் ஆண்டு முதல் வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’ இருந்தது. என் அக்காவிடமும் அத்தகைய கணினி உண்டு. அதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்க உதவுவது ‘பேஷ்’ என்னும் நிரல். பிரையன் ஃபாக்ஸ் என்பவர் எழுதிய இந்நிரல் 1989இல் வெளிவந்தது.

இதன் அமைவுக் கோப்பின் பெயர் ‘.பேஷ்ஆர்சி’. பெயரின் முன்னே புள்ளி இருப்பதால் அது சாதாரணமாகக் கண்ணில் படாது. ‘எல்எஸ் -ஏ’ என்று கட்டளையிட்டால் தெரியும். 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வழங்கிய ‘ரன்காம்’ என்ற சொல்லிலிருந்தே ‘ஆர்சி’ வந்தது.

இனி, செய்யும் முறையைக் காண்போம்.

1. முதலில் பழைய கோப்பை ‘சிபி’ கட்டளையால் நகல் எடுத்து, வேறு பெயரில் வைக்கவும்.

2. ‘நானோ’ என்னும் எழுதியில் கோப்பைத் திறந்து, கடைசி வரிக்குச் செல்லவும்.

3. ‘அலையஸ் ஆர்எம்='ஆர்எம் -ஐ'’ என்று எழுதவும். சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. ‘ஆர்எம்’ கேட்காமலே கோப்பை அழித்துவிடும்; இனி உங்களைக் கேட்டுத்தான் அழிக்கும்.

4. ஏன் எழுதினோம் என்பதை ‘#’ குறியிட்டு மேலே ஒரு வரியில் குறிக்கவும். கணினி அதைப் பொருட்படுத்தாது. பின்னால் படிப்பவருக்கு அது உதவும்.

5. சேமித்தபின் புதிய முனையத்தைத் திறக்கவும். அப்போதுதான் மாற்றம் நடைமுறைக்கு வரும்.

ஒருநாள் நான் பெரிய தவறு செய்தேன். நிரல்களை எந்தெந்த அடைவுகளில் தேட வேண்டும் என்னும் பட்டியலுக்குப் ‘பாத்’ என்று பெயர். அதில் என் அடைவைச் சேர்க்க நினைத்து, பழைய பட்டியலை விட்டுவிட்டு என்னுடையதை மட்டும் எழுதிவிட்டேன். புதிய முனையத்தில் ‘எல்எஸ்’ என்றேன். கட்டளை கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. நகல் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் அதைத் திரும்ப வைக்க வேண்டிய ‘சிபி’யும் கிடைக்கவில்லை! மறுநாள் காலையில் அக்கா கல்லூரியில் கொடுக்க வேண்டிய கட்டுரை அந்தக் கணினியில்தான் இருந்தது.

மூடி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. மனம் ஒப்பவில்லை, அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அக்கா திட்டவில்லை. “வழி மறந்தவனிடம் முழு விலாசத்தைச் சொல்லு” என்று கூறி, ‘/பின்/சிபி’ என்று முழுப் பாதையையும் தட்டச்சு செய்யச் சொன்னாள். பழைய கோப்பு திரும்பி வந்தது. கட்டுரைக்கும் ஒரு குறையும் இல்லை.

தோழியரே, மாற்றும் முன் நகல் எடுங்கள். தவறினால் உடனே சொல்லுங்கள். முதலாவது கோப்பைக் காக்கும். இரண்டாவது நம்மைக் காக்கும்.